முருகையாவுக்கு முழுப் பேர்

ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் பெரட்டு எடுப்பது நின்று பதினெட்டு வருஷம் ஆகிறது. விடியுமுன்னே ஜனங்களை வரிசையில் நிறுத்திக் கிராணி என்கிற கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார். உடனே குரல் கொடுத்தால் முழுப் பேர். பிந்தி ஓடிவந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி. குரலே வராவிட்டால் அன்றைக்கு அடுப்பில் பூனை தூங்கும். ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டு, செம்பனைக்கு வெளிநாட்டு ஆட்களை இறக்கியபோது பெரட்டும் ஒழிந்தது. அதற்காக யாரும் அழவில்லை, ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் கடைசிக் கிராணியின் மகன் அமிர்தலிங்கம். சிரம்பானில் ஓர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம், மற்றவர்கள் எழுதியதன்மேல் சாப்பு என்கிற முத்திரையைக் குத்தி ஓய்வு பெற்றவர். குத்துவதற்கு எதுவுமில்லாத வாழ்க்கையை அவரால் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. மூன்றாவது வாரம் 'ஒன்பதாங்கட்டைத் தோட்ட ஒற்றுமைக் குடும்பம்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு பிறந்தது. லயத்து வீடுகளில் மிச்சமிருந்தவர்கள், ராசா டவுனுக்கும் சிரம்பானுக்கும் குடிபோனவர்கள், ஜொகூரில் இருந்துகொண்டு பூப்படம் மட்டும் அனுப்புகிறவர்கள் என்று இருநூற்றுப் பதினான்கு பேர். அமிர்தலிங்கம் தலைவர், தலைமை அட்மினும் அவரே.

காலை ஐந்தரைக்கு அவர் 'பெரட்டு' என்று ஒரே ஒரு சொல் போடுவார். ஆறு மணிக்குள் கும்பிடும் கைப்படம் அனுப்பியவருக்கு முழுப் பேர். அதன் பிறகு அனுப்பினால் அரைப் பேர். அனுப்பாமலே விட்டால் அது 'மறைமுக மாற்றுக் கருத்து' என்று விதி நான்கு சொல்லிற்று. ஏழு மணிக்குச் செயலாளர் புவனேஸ்வரன் பட்டியல் போடுவார். அப்பன் பாட்டன் காலத்துப் பெரட்டில் நின்றால் கூலியாவது கிடைத்தது. இதில் தலைவரின் கட்டைவிரல்தான் கிடைத்தது.

ஆனாலும் ஜனங்கள் கும்பிட்டார்கள். காரணம் வேன். தேர்தல் சமயத்தில் யாரோ ஒரு பெரிய மனிதர் கொடுத்துவிட்டுப் போன பன்னிரண்டு பேர் அமரும் வேன் அது. இரண்டு பக்கமும் அமிர்தலிங்கத்தின் படம் ஒட்டியிருந்தது. வேன் வேண்டுமென்றால் குழுவில் கேட்க வேண்டும், கேட்பதற்குப் பெயர் சுத்தமாக இருக்க வேண்டும்.

செல்லத்துக்கு வேன் வேண்டும். அவள் புருஷன் முருகையா செம்பனைக் காய் வெட்டிக்கொண்டிருந்த மனிதன். சர்க்கரை வந்து ஒரு காலை எடுத்தது, பிறகு இரண்டு சிறுநீரகத்தையும் எடுத்தது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் ராசாவில் ரத்தம் சுத்தம் பண்ணியாக வேண்டும். வாடகைக் காரைக் கூப்பிட்டால், செம்மண் ரோடு என்றதும் ஓட்டுநர்கள் வரமாட்டேன் என்றுவிடுவார்கள். செல்லம் ஒரு தொழிற்சாலைக் கண்டீனில் மங்கு, தட்டு கழுவுகிறவள். அவளுக்குக் கருத்து என்று எதுவும் கிடையாது. வைத்துக்கொள்ள நேரமும் கிடையாது.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் செயலாளர் ஓர் அறிவிப்புப் போட்டார்.

'பிறர் கருத்துக்குச் செவி சாய்ப்போம் என்னும் தலைப்பில் நமது நிர்வாகக் குழு நாளை போர்ட்டிக்சன் கடற்கரை விடுதியில் ஒருநாள் பயிலரங்கில் கலந்துகொள்கிறது. எனவே வேன் இல்லை. டயாலிசிஸ் உறுப்பினர் சனிக்கிழமை சென்றுகொள்ளலாம்.'

ஐந்து நிமிஷத்தில் நூற்று முப்பத்தொரு கட்டைவிரல் விழுந்தது. டயாலிசிஸ் உறுப்பினர் என்றால் முருகையா ஒருவன்தான். செல்லம் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, கண்டீன் பின்வாசலில் நின்று எழுதினாள்.

'சார் சனிக்கிழம அங்க எடமில்ல. வேன் மொதல்ல நோயாளிக்குத்தான்னு நான் நெனைக்கிறேன். ரத்தத்துகிட்ட ஒரு நாள் பொறுத்துக்கன்னு சொல்ல முடியாது. நீங்க கார்ல போலாம்லா.'

அனுப்பிவிட்டு மறுபடி மங்கு கழுவப் போனாள். ஏதோ நடந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியாது. மூன்று மணிக்குப் போனை எடுத்தபோது அது சுட்டது.

இந்த நேரத்தில் இது தேவையா என்று ஒருவர் கேட்டிருந்தார். எந்த நேரம் என்று சொல்லவில்லை. தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று இன்னொருவர் இருநூற்றுப் பதினான்கு பேருக்கு நடுவே வருந்தியிருந்தார். 'நான் பொதுவா சொல்றேன், யாரையும் குறிப்பிடல. சில ஜென்மங்களுக்கு ஏத்திக்கிட்டுப் போறவங்க அருமை தெரியாது' என்றது ஒரு பதிவு. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் செல்லம் எழுதியதில் நான்கு எழுத்துப்பிழைகளைக் காட்டி, தமிழ் வாழ்க என்று முடித்திருந்தார். அதற்கு மட்டும் அறுபது கட்டைவிரல். ஜொகூர்க்காரர் எழுதினார்: 'என்ன விஷயம்னு தெரியல. ஆனா நான் தலைவர் பக்கம்.'

பக்கத்து வீட்டுத் தனலெட்சுமியும் எழுதியிருந்தாள். 'தலைவர் ஒரு முடிவு எடுத்தா அதுல ஆயிரம் அர்த்தம் இருக்கும்.' அதே நிமிஷத்தில் செல்லத்தின் தனிப் பெட்டியிலும் அவளே வந்திருந்தாள். 'அக்கா நீங்க கேட்டது நூத்துக்கு நூறு சரி. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.'

சாயங்காலத்துக்குள் அப்படி முப்பத்தேழு பேர் தனியாக வந்து செல்லத்தின் முதுகைத் தட்டினார்கள். முப்பத்தேழு பேருமே குழுவுக்குள் போய்த் தலைவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தவர்கள். ஒருத்தி இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு, அழிப்பதற்குள் செயலாளர் பார்த்துவிட, பிள்ளை போனை வைத்து விளையாடியது என்று குழந்தைமேல் சத்தியம் பண்ணினாள்.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு வேன் போர்ட்டிக்சனுக்குப் புறப்பட்டது. ஆறு மணிக்கு மீன் லோரி வந்தது. வெள்ளிக்கு வெள்ளி தோட்டத்துக்குள் வருகிற சீனன் ஆ லோக் முருகையாவை நாற்காலியோடு தூக்கிக் கெம்போங் மீன் பெட்டிகளுக்கு நடுவே உட்காரவைத்து, மேலே ஒரு சாக்கைப் போர்த்தி, ராசாவில் இறக்கிவிட்டான். அவன் குழுவில் இல்லாதவன். அதனால் அவனால் முடிந்தது.

ராசாவில் இறங்கும்போது யாரோ ஒரு விசுவாசி படம் எடுத்துவிட்டார். சாக்குப் போர்த்திய முருகையா, பக்கத்தில் ஒரு சுறா. பயிலரங்கில் 'எதிர்க் கருத்தைப் புன்னகையோடு ஏற்பது எப்படி' என்ற அமர்வில் உட்கார்ந்திருந்த அமிர்தலிங்கத்தின் கைக்கு அந்தப் படம் போனது. அவர் புன்னகைத்தார். பிறகு வெளியே வந்து நான்கு நிமிஷம் குரல் பதிவு செய்தார்.

"குடும்பத்து மானத்த மீன் லோரியில ஏத்திட்டாங்க. நான் வருத்தப்படல. கோபப்படல. ஆனா இதுக்கு ஒரு முறை இருக்கு. முறைப்படி விசாரிப்போம்."

ஞாயிற்றுக்கிழமை காலை பழைய பெரட்டுக் களத்துக் கொட்டகையில் விசாரணை. செல்லம் முருகையாவையும் தள்ளிக்கொண்டு போனாள். வீட்டில் தனியாக விட ஆளில்லை. மேடையில் நிர்வாகக் குழு பதினொரு பேர், எல்லாருக்கும் பயிலரங்கில் கொடுத்த ஒரே நிறச் சட்டை. சட்டையின் நெஞ்சில் ஒரு காது வரைந்திருந்தது.

செயலாளர் புவனேஸ்வரன் முதலில் ஒரு போராங்கை நீட்டினார். நான்கு பக்கம்.

"மாற்றுக் கருத்து விண்ணப்பப் படிவம்மா. நீங்க இத நிரப்பாமலே கருத்துச் சொல்லிட்டீங்க. இப்ப பின்தேதி போட்டு நிரப்பிக்கலாம். நாங்க கறாரான ஆளுங்க இல்ல."

செல்லம் எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'கருத்து எத்தனை நாளாக உள்ளது? முன்பு வந்ததுண்டா? குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா?' ஆஸ்பத்திரியில் முருகையாவுக்கு நிரப்பிய படிவமும் இப்படித்தான் இருந்தது என்று அவளுக்குத் தோன்றியது. கடைசிப் பக்கத்தில், இந்தக் கருத்தோடு தாங்கள் உடன்படவில்லை என்று இரண்டு உறுப்பினர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றிருந்தது. அதற்கு மட்டும் ஆள் பஞ்சமே இல்லை. தனலெட்சுமிதான் முதலில் ஓடிவந்தாள். குனிந்து கையெழுத்துப் போடும்போது செல்லத்தின் காதில், "உங்களுக்காகத்தான் க்கா போடுறேன்" என்றாள்.

"உங்க பின்னால யாரு இருக்கா?" என்று புவனேஸ்வரன் கேட்டார்.

செல்லம் திரும்பிப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரரு."

"அதக் கேக்கலம்மா. உங்கள எழுதச் சொன்னது யாரு? இவ்வளவு துணிச்சலா ஒரு ஆளு தானா எழுத முடியாதே."

"யாரும் சொல்லல சார். வெள்ளிக்கிழம அவருக்கு ஊசி போட்டாகணும். அதான் எழுதுனேன்."

"பாருங்க, நாங்க மாற்றுக் கருத்துக்கு எதிரி இல்ல. மாற்றுக் கருத்து கண்டிப்பா வேணும். ஆனா அது எல்லாரும் ஒத்துக்கிற மாற்றுக் கருத்தா இருக்கணும். இருநூத்துப் பதிமூணு பேரு ஒரு பக்கம் நிக்கிறப்ப நீங்க மட்டும் தனியா நின்னா, அது கருத்து இல்லம்மா, நோய்."

முருகையா இருமினான். நாற்காலியில் சாய்ந்தபடியே, "தலைவரே, எனக்கு வேன் வேணும். அவ்வளவுதான்யா. அவ எழுதுனத வேணா அழிச்சிடச் சொல்றேன்" என்றான்.

அமிர்தலிங்கம் எழுந்தார். ஒலிபெருக்கி தேவைப்படாத கொட்டகையில் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"முருகையா அண்ணன் பேசினது எனக்குக் கண்ணு கலங்குது. இவருதான் இந்தத் தோட்டத்து மனுஷன். ஒரு கால் இல்ல, கிட்னி இல்ல, கருத்தும் இல்ல." கைதட்டல். "நான் ஒண்ணு சொல்றேன். கருத்துச் சுதந்திரத்த என் உசுரா மதிக்கிறவன் நான். அதனாலதான் அத யாரு கையிலயும் கொடுக்கிறதில்ல. கண்டவங்க கையில கொடுத்தா பாழாக்கிடுவாங்க. எங்கப்பா கிராணியா இருந்த காலத்துல ஐந்நூறு பேரு வரிசையில நிப்பாங்க. ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான். அப்படி ஒரு ஒத்துமை. இப்ப கையில போன் வந்ததும் ஆளாளுக்கு வாய் வந்துடுச்சு. நான் செல்லத்த மன்னிச்சிட்டேன். மன்னிச்சதாலதான் நடவடிக்கை எடுக்கிறேன். மன்னிக்காம நடவடிக்கை எடுத்தா அது பழிவாங்கல்."

தீர்ப்பு மூன்று வரி. செல்லத்தைக் குழுவிலிருந்து நீக்குவது. இந்தச் சம்பவத்தைப் பற்றிப் போலீசில் ரிப்போர்ட் செய்வது. முருகையா குடும்பத்தில் கருத்துத் தொற்று இருப்பதால் செவ்வாய் முதல் அடுத்த செவ்வாய் வரை வேன் சேவையை நிறுத்திவைப்பது. முருகையாவின் நம்பர் மட்டும் குழுவில் இருக்கும். அவன் அதுவரை ஒருநாள் விடாமல் பெரட்டுக்கு முழுப் பேர் கொடுத்தால் அந்தச் செவ்வாய்க்கு மறுநாள் புதன்கிழமை வேன் மறுபடி வாசலுக்கு வரும்.

"அப்ப நாளைக்குத் திங்கக்கிழம? திங்கக்கிழம வேன் உண்டுதானே சார்?" என்றாள் செல்லம். செவ்வாய் முதல் என்றால் திங்கள் பாக்கியிருக்கிறது என்று விரல் விட்டு எண்ணியிருந்தாள்.

புவனேஸ்வரன் சங்கடமாகச் சிரித்தார். "உண்டும்மா. ஆனா நாளைக்குப் போலீஸ் ரிப்போர்ட் போடப் போறோம்லா. வேன்லதான் போகணும்."

திங்கள் காலை வேன் பதினொரு பேரையும் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனது. முருகையா சட்டை மாட்டி, துண்டு எடுத்துக்கொண்டு, வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து அது தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தான். ஓட்டிக்கொண்டு போன குணாளன் தலையைத் திருப்பவில்லை. ஸ்டேஷனில் இருந்த போலீஸ்காரர் என்ன குற்றம் என்று மூன்று முறை கேட்டார். "ஒருத்தங்க எங்களோட ஒத்துப்போகல சார்" என்று மூன்று முறையும் விளக்கப்பட்டது. அவர் எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்தால்தான் அவர்கள் போவார்கள் என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும். வாசலில் நின்று பதினொரு பேரும் அந்த ஒரே தாளை ஆளுக்கொரு விரலால் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். குழுவில் நூற்றுத் தொண்ணூறு கட்டைவிரல். அதில் முருகையாவுடையதும் ஒன்று. செல்லம்தான் போட்டாள். அடுத்த வாரப் புதன்கிழமை வேன் வர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை முருகையாவின் முகம் வீங்கியிருந்தது. மிச்சமிருந்த காலில் விரலை அழுத்தினால் குழி அப்படியே நின்றது. குணாளனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுச் செல்லம் ரோட்டில் மறித்தாள்.

"தம்பி, ஒரே ஒரு நாளு. யாருக்கும் தெரியாம ஏத்திக்கிட்டுப் போயிடு."

"வேன் சாவி தலைவர் வீட்டு சாமி மேடையில இருக்குக்கா. பூ போட்டு வெச்சிருக்காரு. நான் எப்படி எடுக்கிறது? எனக்கும் மனசு கேக்கலதான். க்ரூப்புல மட்டும் ஒண்ணும் கேட்டுடாதீங்க."

"நான் க்ரூப்புலயே இல்லியேப்பா."

"அதுவும் சரிதான்" என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டுக் குணாளன் போனான்.

மறுநாள் புதன்கிழமை செல்லம் தனலெட்சுமி வீட்டுக்குப் போனாள். கார் வாசலில் நின்றது. தனலெட்சுமி காருக்கு முன்னாலேயே நின்றுகொண்டு, "கார் வொர்க்ஷாப்புல இருக்குக்கா" என்றாள். இரண்டு பேரும் காரைப் பார்த்தார்கள். அவள் புருஷன் நிர்வாகக் குழுவில் ஏழாவது ஆள், ஸ்டேஷன் படத்தில் தாளின் இடது மூலையைப் பிடித்திருந்தவன். செல்லம் திரும்பி நடந்தாள். வீட்டு வாசலை மிதிப்பதற்குள் போன் துடித்தது. 'அக்கா மனசு ஆறல. உங்க பக்கம்தான் நியாயம். படிச்சதும் அழிச்சிடுங்க.'

ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்றாள் முருகையாவிடம். அவன் தலையணையை இரண்டாக மடித்து வைத்து உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினான். "வேணாம் புள்ள. அங்க கொண்டுபோய் வராந்தாவுல போட்டுடுவான். நாளானைக்கு வெள்ளிக்கிழமதானே. ஆ லோக் வந்துடுவான்லா. அதுவரைக்கும் ஓட்டிடுவேன்." பிறகு, "நாளைக்குப் பெரட்டுக்குப் பேர் குடுக்க மறந்துடாத" என்றான்.

அவன் வியாழக்கிழமை விடியும் முன்னே, உட்கார்ந்தபடியே போய்விட்டான். செல்லம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். ஐந்தரைக்கு அவன் போன் அலாரம் அடித்தது. திரையில் 'பெரட்டு' என்று வந்தது. அவள் ஒரு கையால் அவன் கையைப் பிடித்தபடி மறுகையால் போனை எடுத்து, கும்பிடும் கைப்படத்தை அழுத்தினாள். பழக்கம்.

ஏழு மணிப் பட்டியலில் 'முருகையா, முழுப் பேர்' என்றிருந்தது. ஏழே காலுக்குக் குணாளன் மரணச் செய்தியைப் போட்டான். குழு கதறியது. அழும் முகங்கள், எரியும் விளக்குகள், பறக்கும் புறாக்கள். ஆசிரியர் ஆழ்ந்த இரங்கலைப் பிழையில்லாமல் எழுதினார். ஜொகூர்க்காரர், யாரென்று தெரியவில்லை ஆனால் நல்ல மனிதர் என்றார். மலர் வளையத்தில் 'மறுத்துப் பேசாத மாமனிதர்' என்று அச்சடித்துத் தலைவரே கொண்டுவந்து வைத்தார். வெள்ளிக்கிழமை காலையில் எடுத்தார்கள். வீட்டிலிருந்து எடுக்கும் நேரத்துக்கு மீன் லோரி வந்துவிட்டது. ஆ லோக் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாரும் போகும்வரை வெயிலில் நின்றான். முருகையாவுக்காகப் பெட்டிகளை ஒதுக்கி இடம் பண்ணி வந்திருந்தான்.

அன்று காலை ஐந்தரைக்கும் அலாரம் அடித்தது. முதல் நாள் பழக்கத்தில் அழுத்தியவள், இரண்டாம் நாள் யாராவது கேட்கிறார்களா என்று பார்க்க அழுத்தினாள்.

'முருகையா, முழுப் பேர்.'

யாரும் கேட்கவில்லை. இருநூற்றுச் சொச்சம் பேர். அதில் எண்பது பேர் சுடலைக்கு வந்தவர்கள், பத்துப் பேர் தோள் கொடுத்தவர்கள். சனிக்கிழமை அழுத்தினாள். முழுப் பேர். ஞாயிற்றுக்கிழமை, சாம்பலைக் கடலில் கரைக்கப் புறப்படும் முன் அழுத்தினாள். முழுப் பேர். பட்டியல் தவறு என்று சொன்னால் அது பட்டியலோடு மாற்றுக் கருத்து. அதற்குப் போராங் நிரப்ப வேண்டும். செத்தவன் செத்தான் என்பதை ஏற்கவில்லை என்று இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

அவள் போனில் மட்டும் தனிச்செய்திகள் குவிந்தன. 'அக்கா, மாமா பேரு இன்னும் வருது. பாத்தீங்களா? நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.' முப்பத்தேழு பேர் நாற்பத்தொன்றாகியிருந்தார்கள்.

தடை முடிந்த புதன்கிழமை ஐந்தரைக்கும் அழுத்தினாள். ஆறு மணிக்கு வாசலில் ஹாரன் அடித்தது.

வேன் நின்றது. அதிலிருந்து அமிர்தலிங்கம் இறங்கினார், புவனேஸ்வரன் இறங்கினார், காதுச் சட்டை போட்ட இன்னும் நான்கு பேர் இறங்கி ஒரு பதாகையை விரித்தார்கள். 'திரு. முருகையா அவர்களுக்கு வேன் சேவை மறுதொடக்கம். கருத்து வேறுபாட்டைக் கனிவோடு வென்றோம்.' குணாளன் ஸ்டீரிங்மேல் தலையைக் கவிழ்த்திருந்தான்.

செல்லம் படலுக்கு உள்ளேயே நின்றாள். உள்ளே முருகையாவின் படத்துக்கு முன் விளக்கு எரிவது வாசலிலிருந்தே தெரிந்தது.

"அவரு இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா சார்? வளையம் கொண்டாந்து வெச்சது நீங்கதானே."

அமிர்தலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "தெரியும்மா. தனிப்பட்ட முறையில எனக்கும் வருத்தம்தான். ராத்திரி சரியா சாப்பிடக்கூட இல்ல. ஆனா ஒருநாள் விடாம முழுப் பேர் விழுந்திருக்கு. க்ரூப்புல யாரும் மறுப்புச் சொல்லல. இருநூத்துப் பதிமூணு பேரு இருக்கார்னு ஏத்துக்கிட்டத, நான் ஒருத்தன் இல்லன்னு சொன்னா அது எதேச்சாதிகாரம் ஆயிடும்."

"அவரு பேர நான்தான் அழுத்துனேன்."

"இதத்தான்மா நான் வேணாங்கிறேன்" என்றார் புவனேஸ்வரன். "மறுபடியும் கருத்து."

ஒருவர் பதாகையின் நுனி மண்ணில் படுகிறது என்று பதறினார். இன்னொருவர் வெளிச்சம் வந்துவிட்டது, சீக்கிரம் படம் எடுத்துவிடலாம் என்றார். புவனேஸ்வரன் ஒரு அட்டையை நீட்டினார். பயணி ஏறினார் என்று குடும்பத்தார் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வேன் நகராது. வேன் நகர்ந்தாக வேண்டும், எட்டு மணிக்கு நிர்வாகக் குழுவுக்குச் சிரம்பானில் காலைப் பசியாறல் இருந்தது.

செல்லம் அட்டையை வாங்கவில்லை. உள்ளே போனாள். முருகையாவின் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். அதன்மேல் அவன் துண்டு மடித்தபடி கிடந்தது. திங்கட்கிழமை ராசாவுக்குப் போவதற்கென்று அவன் எடுத்து வைத்த அதே மடிப்பு. செம்மண்ணில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய், பதாகையைப் பிடித்திருந்தவர்கள் விலகாததால் ஒருவர் பாதத்தின்மேல் சக்கரத்தை ஏற்றி, வேன் கதவுக்கு முன் நிறுத்தினாள்.

"ஏத்துங்க" என்றாள்.

யாரும் அசையவில்லை.

"எப்பவும் ரெண்டு பேரு ரெண்டு பக்கம் புடிச்சாத்தான் ஏறும். பாரமா இருப்பாரு. தலைவர் ஒரு பக்கம் புடிங்க."

அமிர்தலிங்கம் சுற்றிலும் பார்த்தார். லயத்து வாசல்களில் ஜனங்கள் வந்து நின்றிருந்தார்கள். தனலெட்சுமி துடைப்பத்தோடு நின்றாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் குனிந்து ஒரு பக்கம் பிடித்தார், புவனேஸ்வரன் மறுபக்கம் பிடித்தார். இரண்டு பேரும் பாரம் தாங்காதவர்களைப் போல முக்கிக்கொண்டு வெறும் நாற்காலியைத் தூக்கினார்கள். செல்லம் உள்ளே எட்டி பெல்ட்டை இழுத்து, துண்டின்மேல் குறுக்காக மாட்டினாள். பிறகு அட்டையை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

"பாத்து ஓட்டு தம்பி. பள்ளத்துல போட்டா அவருக்குத் தூக்கித் தூக்கிப் போடும்" என்று குணாளனிடம் சொன்னாள். குணாளன் அழுதுகொண்டே கியர் போட்டான்.

பத்து நிமிஷத்தில் படம் குழுவில் வந்தது. 'திரு. முருகையா நலமுடன் ராசா புறப்பட்டார்.' இருநூற்றெட்டுக் கட்டைவிரல். குழு தொடங்கிய நாளிலிருந்து அத்தனை விழுந்ததில்லை.

செல்லத்தின் போன் துடித்தது. தனலெட்சுமி இரண்டு வாசல் தள்ளி, அதே துடைப்பத்தோடு, போனைப் பார்த்தபடி நின்றாள். 'சரியா குடுத்தீங்க க்கா. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.'

செல்லம் அவள் கண்ணெதிரே முருகையாவின் போனை அணைத்துவிட்டு, வேலைக்குப் புறப்பட்டாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்குப் 'பெரட்டு' என்று வந்தபோது அந்தப் போன் அணைந்தே கிடந்தது. ஏழு மணிக்குச் செயலாளர் பட்டியல் போட்டார். முருகையா பேர் கொடுக்கவில்லை. விதி நான்கின்படி அது மறைமுக மாற்றுக் கருத்து. இத்தனை காலம் கட்டுப்பாடாக இருந்த ஒரு மனிதர் திடீரென்று இப்படி மாறிவிட்டது தலைவருக்கு வேதனை அளிப்பதாகவும், இருந்தாலும் விதி விதிதான் என்றும் புவனேஸ்வரன் எழுதியிருந்தார். ஐந்து நிமிஷத்தில் நூற்றறுபது கட்டைவிரல் விழுந்தது.

முருகையாவுக்கு ஒரு வாரம் வேன் கிடையாது.